வெளிநாட்டுப் பின்னணி நிர்வாகிகள்: கம்பெனிக்கு லாபமா, தலைவலியா?

கேள்வி இதுதான்: கோவையில் இருந்து ஏற்றுமதி செய்யும் ஒரு பொறியியல் நிறுவனம் ஜெர்மனியில் சிறிய கம்பெனி ஒன்றை வாங்கத் திட்டமிடுகிறது. அதை முன்னிட்டு இயக்குநர் குழுவிலும் உயர் நிர்வாகத்திலும் வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்களைச் சேர்த்தால் செயல்பாடு உயருமா? ஆதாரம் உண்டா? எங்கே சொதப்பும்?

ஆதாரம் நிறையவே இருக்கிறது. சங்கடம் என்னவென்றால் அது இரு தரப்புக்கும் சாட்சி சொல்கிறது. வெளிநாட்டவர் வந்த பிறகு நிமிர்ந்த நிறுவனங்கள் உண்டு, அவர்கள் வந்ததாலேயே இரண்டாகப் பிளந்தவையும் உண்டு. மேசையைச் சுற்றி எத்தனை நாட்டவர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு நடுவே கோடு எங்கே ஓடுகிறது, அதே கோட்டின் மேல் சம்பளம், வயது, துறை, பழைய கம்பெனி என்று வேறு எவையெல்லாம் வந்து படிகின்றன என்று பார்த்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

இந்தத் துறையின் தொடக்கப்புள்ளி 1984-இல் டொனால்ட் ஹாம்ப்ரிக்கும் ஃபிலிஸ் மேசனும் எழுதிய கட்டுரை. ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவுகளில் அதன் உயர் நிர்வாகிகளின் அனுபவமும் மதிப்பீடுகளும் அப்படியே தெரியும் என்பது அவர்கள் வாதம். எல்லாத் தகவலையும் யாராலும் பார்க்க முடியாது, தன் பின்னணி எதைப் பார்க்கப் பழக்கியதோ அதைத்தான் நிர்வாகி முதலில் பார்ப்பார். இது சரி என்றால், வேறு வேறு நாட்டுப் பழக்கம் உள்ளவர்கள் சேர்ந்தால் கண்ணில் படுவது அதிகமாகும். அதோடு சேர்ந்து சண்டையும் அதிகமாகும். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் எது எப்போது ஜெயிக்கிறது என்பதைப் பற்றியதுதான்.

முதல் தடுமாற்றம் அளப்பதிலேயே வந்துவிடுகிறது. 'சர்வதேசப் பின்னணி' என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனிச் சரக்குகள் விற்கப்படுகின்றன: எந்த நாட்டுக் குடிமகன், எங்கே படித்தார், எங்கே வேலை செய்தார். பெப்சிகோவின் தலைவராக இருந்த இந்திரா நூயியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐஐஎம்மிலும் யேலிலும் படித்து, பெப்சிகோவுக்கு வருவதற்கு முன் சுவீடன்-சுவிஸ் கலப்பு நிறுவனமான ஏபிபியின் அமெரிக்கப் பிரிவில் வேலை பார்த்தவர். பாஸ்போர்ட்டை வைத்து எண்ணும் ஆய்வில் அவர் அமெரிக்கர், அதாவது பெப்சிகோவின் பன்மைக் கணக்கில் பூஜ்யம். ஜப்பானியக் கார் கம்பெனியான நிசானுக்கு வந்த கார்லோஸ் கோன் பிரேசிலில் பிறந்து, பெய்ரூட்டில் வளர்ந்து, பாரிஸில் படித்து, மிஷலின் டயர் கம்பெனிக்காக பிரேசிலிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்தவர். அவரை எந்தப் பெட்டியில் போடுவது?

மூன்றில் பலன் அதிகம் தெரிவது வேலை அனுபவத்தில்தான். மேசன் கார்ப்பென்டரும் சகாக்களும் 2001-இல் அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனங்களை ஆராய்ந்தபோது, வெளிநாட்டுப் பணியில் இருந்து வந்த தலைமைச் செயல் அதிகாரி உள்ள நிறுவனங்கள் நன்றாகச் செயல்பட்டதைக் கண்டார்கள். அவருக்குக் கீழே உள்ள குழுவுக்கும் அந்த அனுபவம் இருந்து, நிறுவனமும் உண்மையிலேயே பல நாடுகளில் வியாபாரம் செய்தபோது பலன் இன்னும் கூடியது. உங்கள் சொந்த மேலாளர்களில் இரண்டு பேரைச் சில ஆண்டுகள் ஜெர்மனியில் பொறுப்போடு உட்கார வைப்பதும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கவனியுங்கள். செலவும் குறைவு. ஆனால் அப்படிப் போய்வந்தவருக்குத் திரும்பியதும் ஏற்ற பதவி கொடுக்காமல் பழைய நாற்காலியிலேயே உட்கார வைத்தால், கற்றதை எடுத்துக்கொண்டு போட்டியாளரிடம் போய்விடுவார்.

குடியுரிமைக் கலவையை அளக்கப் பெரும்பாலும் பயன்படுவது பிளா குறியீடு. ஒவ்வொரு நாட்டவரின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 1-இல் இருந்து கழிக்க வேண்டும். பத்துப் பேர் குழுவில் 6 இந்தியர், 2 ஜெர்மானியர், ஒரு ஜப்பானியர், ஒரு அமெரிக்கர் என்றால் 0.36 + 0.04 + 0.01 + 0.01 = 0.42, குறியீடு 0.58. ஐந்து ஜெர்மானியர், ஐந்து அமெரிக்கர் என்றால் குறியீடு 0.50. இரண்டும் அக்கம்பக்கம்தான். ஆனால் இரண்டாவது குழுவில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இரண்டும் வேறு உலகம் என்பார்கள். இதைத்தான் டோரா லாவும் கீத் மர்னிகனும் 1998-இல் பிளவுக்கோடு என்று விளக்கினார்கள். ஐந்து ஜெர்மானியரும் பொறியாளர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், ஸ்டட்கார்ட்டில் இருப்பவர்கள். ஐந்து அமெரிக்கரும் விற்பனையும் நிதியும் பார்ப்பவர்கள், நாற்பதுகளில் உள்ளவர்கள், டெட்ராய்ட்டில் இருப்பவர்கள் என்றால் அத்தனை வேறுபாடும் ஒரே இடத்தில் வெட்டுகிறது. சாதாரண நாளில் தெரியாது. பணம் குறைந்து யாரையாவது வெட்ட வேண்டிய நாளில் கோடு பிளந்து நிற்கும்.

இதை ஒரு தாளில் சோதித்துப் பார்க்கலாம். பெயர்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் ஆறு பத்தி போடுங்கள்: நாடு, வயது, துறை, உட்கார்ந்திருக்கும் ஊர், எந்தக் கம்பெனி வழியாக வந்தவர், சம்பளம் எந்த நாட்டு அளவுகோலில். நாடு மாறும் இடத்தில் மற்ற ஐந்தும் சேர்ந்து மாறினால் உங்கள் கையில் இருப்பது இரண்டு குழுக்கள். ஜெர்மன் கம்பெனியை வாங்கிய மறுநாள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்.

இனி நடந்த கதைகளுக்கு வருவோம். வெளியாள் வந்தால் என்ன நன்மை என்பதற்கு நிசானை விடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். 1999 மார்ச்சில் பிரெஞ்சுக் கார் கம்பெனியான ரெனோ அதன் 36.8 சதவீதப் பங்கை வாங்கியபோது நிசானின் வாகனத் தொழில் கடன் சுமார் 1.4 லட்சம் கோடி யென். 2000 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் நஷ்டம் 68,400 கோடி யென். அடுத்த ஆண்டு லாபம் 33,100 கோடி யென். இடையில் என்ன மாறியது? உதிரிபாகம் வாங்கும் செலவை 20 சதவீதம் குறைப்பது, 5 ஆலைகளை மூடுவது, 21,000 பணியிடங்களைக் குறைப்பது, 1,394 நிறுவனங்களில் வைத்திருந்த பங்குகளில் பெரும்பாலானவற்றை விற்பது. இவற்றில் எதுவும் ஜப்பானியருக்குத் தெரியாத ரகசியம் கிடையாது. ஆனால் உதிரிபாக நிறுவனங்களில் பலவற்றின் தலைமையில் நிசானிலிருந்தே ஓய்வுபெற்றுப் போன சீனியர்கள் இருந்தார்கள். தன்னை வளர்த்தவரிடம் போய் 'உங்கள் விலை அதிகம், ஆர்டர் வேறு இடத்துக்குப் போகிறது' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ரெனோ அனுப்பி வைத்த கோனுக்கு அந்தக் கடன்பாடு இல்லை. வெளிநாட்டு நிர்வாகியின் முதல் மதிப்பு பெரும்பாலும் அவர் அறிவில் இல்லை, உறவு பார்க்கத் தேவையில்லாத அவர் நிலையில் இருக்கிறது.

ஆனால் திட்டத்தை எழுதியது அவரோடு வந்த பிரெஞ்சுக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கொள்முதல், உற்பத்தி, ஆராய்ச்சி, விற்பனை, நிதி என ஒன்பது குறுக்குக் குழுக்கள் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து இடைநிலை மேலாளர்கள், பெரும்பாலோர் நிசான்காரர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு துறையைச் சேர்ந்த இரண்டு உயர் அதிகாரிகள் பொறுப்பு. ஒரு துறையே குழுவைக் கைப்பற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருவர். மூன்று மாத அவகாசம். நாட்டின் கோடு ஒரு பக்கம் ஓட, வேலையின் கோட்டை அதற்குக் குறுக்கே போட்டார்கள், அதனால் பிளவு ஆழமாகவில்லை. ஆங்கிலம் பொது மொழியானதும், 'இலக்கு', 'பொறுப்பேற்பு' போன்ற நாற்பது அளவிலான சொற்களுக்கு நிசானில் என்ன பொருள் என்று ஒரு சிறு அகராதியே அச்சிட்டுக் கொடுத்தார்கள். இலக்கு எட்டவில்லை என்றால் நிர்வாகக் குழு முழுதும் விலகும் என்று அக்டோபரில் பகிரங்கமாக அறிவித்தார்கள். இலக்குகள் ஓராண்டு முன்னதாகவே, 2002 மார்ச்சில் எட்டப்பட்டன.

அதே நிசானின் பிற்பாதியையும் சொல்லாமல் விடக் கூடாது. ரெனோவின் பங்கு 44.4 சதவீதம் வரை உயர்ந்து, பிறகு 43.4-இல் நின்றது, வாக்குரிமையோடு. ரெனோவில் நிசான் வைத்திருந்த 15 சதவீதத்துக்கோ வாக்குரிமை இல்லை. ஆக, பிரெஞ்சு-ஜப்பான் கோட்டின் மேலேயே சொத்துரிமைக் கோடும் படிந்து கிடந்தது. 2018 நவம்பரில் கோன் கைதானதும் (குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார்) அந்த இடத்தில்தான் கூட்டணி விரிசல் விட்டது. 2023-இல் இரு தரப்பும் 15 சதவீதம் என்று சமன் செய்துகொண்ட பிறகே கொஞ்சம் அடங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருவரும் சேர்ந்து நடத்திய ஆலையில் நிசானின் 51 சதவீதப் பங்கை ரெனோ எடுத்துக்கொள்ளும் என்று 2025-இல் அறிவிப்பு வந்ததும் இந்த நீண்ட பிரிவினையின் ஒரு பகுதிதான்.

வெளியாளை மேலே கொண்டு வந்து தனியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானிலேயே நிப்பான் ஷீட் கிளாஸ் இருக்கிறது. தன்னை விடப் பெரிய பிரிட்டிஷ் கண்ணாடிக் கம்பெனியான பில்கிங்டனை 2006-இல் வாங்கியது. 2008-இல் பில்கிங்டன்காரரான ஸ்டூவர்ட் சேம்பர்ஸைத் தலைவராக்கியது. குடும்பக் காரணம் சொல்லி அவர் அடுத்த ஆண்டே போனார். 2010-இல் அமெரிக்கர் கிரெய்க் நெய்லர் வந்தார், வியூகத்தில் இயக்குநர் குழுவோடு ஒத்துப்போகவில்லை என்று 2012-இல் விலகினார். கோனுக்குப் பின்னால் ரெனோவின் பங்கும் கூட வந்த முப்பது பேர் அளவிலான குழுவும் இருந்தன. இவர்களுக்கு நாற்காலி மட்டும்தான் இருந்தது.

ஜப்பானின் கேமரா, மருத்துவக் கருவி நிறுவனமான ஒலிம்பஸின் கதை இன்னும் கசப்பானது. முப்பது ஆண்டு அந்தக் குழுமத்திலேயே இருந்த பிரிட்டிஷ்காரர் மைக்கேல் உட்ஃபோர்ட் 2011 ஏப்ரலில் தலைவரானார். ஜைரஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை வாங்க ஆலோசனைக் கட்டணமாக மட்டும் 68.7 கோடி டாலர் கொடுத்திருந்தார்கள், வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில். ஏன் என்று கேட்டார். அக்டோபர் 14-ஆம் தேதி இயக்குநர் குழு ஒருமனதாக அவரைப் பதவி நீக்கியது. நிர்வாக முறையிலும் கலாசாரத்திலும் ஒத்துவரவில்லை என்று காரணம் சொன்னார்கள். சில வாரங்களில் சுமார் 170 கோடி டாலர் அளவுக்குப் பழைய நஷ்டத்தை மறைத்து வைத்திருந்தது அம்பலமானது. 'கலாசார வேறுபாடு' என்ற காரணம் காதில் விழும்போதெல்லாம் கணக்குப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இயக்குநர் குழுவைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் இன்னும் கறாராக இருக்கின்றன. ஆக்ஸல்ஹைமும் ராண்டோயும் 2003-இல் நார்வே, சுவீடன் நிறுவனங்களைப் பார்த்தபோது, பிரிட்டன்-அமெரிக்கா வகை இயக்குநர் ஒருவர் இருக்கும் கம்பெனியின் சந்தை மதிப்பு கூடுதலாக இருந்தது. சிறிய நாட்டு நிறுவனம் வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் 'எங்களைக் கேள்வி கேட்க ஆள் வைத்திருக்கிறோம்' என்று காட்டுவதன் விலை அது. சீனாவில் மரியாசுன்டா ஜியானெட்டியும் சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டில் படித்தோ வேலை பார்த்தோ திரும்பிய சீனர்கள் இயக்குநரானதும் நிறுவனச் செயல்பாடு உயர்ந்தது. ஏற்றுமதி, வெளிநாட்டு நிறுவனங்களை வாங்குவது, வெளியே நிதி திரட்டுவது எல்லாமே கூடின.

மறுபக்கம், மசூலிஸ், வாங், ஷீ மூவரும் 2012-இல் அமெரிக்க நிறுவனங்களின் வெளிநாட்டுச் சுயேச்சை இயக்குநர்களை ஆராய்ந்தார்கள். உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது இதுதான். வாங்கப்படும் கம்பெனி அந்த இயக்குநரின் சொந்தப் பிராந்தியத்தில் இருந்தால், அந்தக் கொள்முதல் நன்றாக அமைந்தது. அங்கே யார் யார், எந்த வங்கி நம்பகமானது, எந்தச் சொத்தில் வில்லங்கம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கூட்டங்களுக்கு வராமல் போவதில் அவர்கள் முன்னணியில் இருந்தார்கள். அவர்கள் இருந்த நிறுவனங்களில் கணக்கைத் திருத்திக் காட்டும் வாய்ப்பும், தலைமைச் செயல் அதிகாரியின் சம்பளமும் அதிகம். ஒட்டுமொத்தச் செயல்பாடு குறைவு, அதிலும் அவர் பிராந்தியத்தில் நிறுவனத்துக்கு வியாபாரம் சுருங்கச் சுருங்க இன்னும் குறைவு. ஜெர்மன் இயக்குநர் ஜெர்மன் வியாபாரம் இருக்கும்வரை பெறுமானம் உள்ளவர், அது போன பின் விமான டிக்கெட் செலவு. சொல்லக் கடுமையாக இருந்தாலும் புள்ளிவிவரம் சொல்வது இதுதான்.

சீன ஆய்வுக்கும் அமெரிக்க ஆய்வுக்கும் முரண் இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் இல்லை. சீனாவில் வந்தவர்கள் திரும்பி வந்த உள்ளூர்க்காரர்கள்: மொழி தெரியும், கூட்டத்துக்கு நடந்தே வரலாம், உள்ளூர்ச் சட்டமும் நெளிவுசுளிவும் தெரியும். அமெரிக்க நிறுவனங்களில் இருந்தவர்கள் தூரத்திலேயே வசிப்பவர்கள். தூரம்தான் வேறுபாடு. ஜெர்மனியில் பல ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பிய இந்தியப் பொறியாளர் ஒருவர் கிடைத்தால், ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்து வரும் பெரிய பெயரைவிட அவரை நான் முன்னால் வைப்பேன்.

இப்போது சீனக் கணினி நிறுவனமான லெனோவோ. வாங்கியவர் ஆசிய நிறுவனம், வாங்கப்பட்டது மேற்கத்திய நிறுவனம் என்பதால் உங்களுக்கு நேரடிப் பாடம். 2005 மே மாதம் ஐபிஎம்மின் கணினிப் பிரிவை 125 கோடி டாலருக்கு வாங்கி முடித்தபோது, வாங்கிய கம்பெனியை விட வாங்கப்பட்ட பிரிவின் விற்பனை பல மடங்கு. அதுவரை லெனோவோவை நடத்திய யாங் யுவான்சிங் தலைவர் பொறுப்புக்கு நகர்ந்து, ஐபிஎம்காரரான ஸ்டீஃபன் வார்டைத் தலைமைச் செயல் அதிகாரியாக வைத்தார்கள். ஆங்கிலம் அலுவல் மொழி ஆனது. சில மாதங்களிலேயே வார்டு போய், டெல் நிறுவனத்தில் இருந்து வில்லியம் அமேலியோ வந்தார், தன்னோடு பல டெல்காரர்களையும் அழைத்து வந்தார். ஆக ஒரே நிறுவனத்துக்குள் மூன்று கட்சி: பழைய லெனோவோ, ஐபிஎம், டெல். நாடு இரண்டுதான், ஆனால் பிளவுக்கோடு மூன்று.

கூட்டங்களில் நடந்தது பிறகு அந்த நிறுவனத்தாரே வெளிப்படையாகப் பேசிய விஷயம். அமெரிக்கர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். சீனர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், மேலதிகாரி முன்னால் முந்திக்கொண்டு பேசுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு, போதாததற்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பேசாததை அமெரிக்கர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து வேலை நகராதபோது 'ஒத்துக்கொண்டுவிட்டுச் செய்ய மறுக்கிறார்கள்' என்றார்கள். சீனர்களோ 'நம்மைக் கேட்கவே இல்லை' என்றார்கள். இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதுதான் இதைச் சரிசெய்வதைக் கடினமாக்குகிறது. யாங் தன் குடும்பத்தையே அமெரிக்காவின் வட கரோலினாவுக்கு மாற்றி ஆங்கிலம் பழகினார். நிறுவனத்தை வாங்கியவர் வாங்கப்பட்டவரின் மொழியைக் கற்க இடம் மாறினார் என்பது கீழே உள்ளவர்களுக்கு எந்தச் சுற்றறிக்கையை விடவும் நன்றாகப் புரிந்தது.

2008 இறுதிக் காலாண்டில் 9.7 கோடி டாலர் நஷ்டம், அந்த நிதியாண்டு முழுவதற்கும் 22.6 கோடி டாலர். இதை நிர்வாகக் குழுவின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. உலக நிதி நெருக்கடியில் பெரிய நிறுவனங்கள் கணினி வாங்குவதை நிறுத்தின, ஐபிஎம்மிலிருந்து வந்த வியாபாரமோ அவர்களை நம்பியே இருந்தது. 2009 பிப்ரவரியில் நிறுவனர் லியு சுவான்ஷி தலைவராகத் திரும்பி வர, யாங் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். செய்தது என்ன என்று பார்த்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமை. சீனர்களும் மேற்கத்தியரும் ஏறத்தாழ சரிபாதியாக ஒரு சிறிய நிர்வாகக் குழு. கூட்டம் ஒரே தலைமையகத்தில் நடக்காமல் வெவ்வேறு சந்தைகளில் நடந்தது, கூடவே அந்த ஊர்க் கடைகளையும் வாடிக்கையாளர்களையும் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். வியூகம் இரண்டே வரி: சீனச் சந்தையையும் பெருநிறுவன வியாபாரத்தையும் காப்பது, வளரும் நாடுகளிலும் வீட்டு உபயோகக் கணினியிலும் பாய்வது. முதல் வரியில் ஒரு பாதி சீனர்களுக்குத் தெரிந்த தொழில், மறு பாதி ஐபிஎம்காரர்களுக்குத் தெரிந்த தொழில். இருவரும் ஒருவரையொருவர் நம்பித்தான் தீர வேண்டும். 2013-இல் கணினி விற்பனையில் உலகின் முதல் இடம். நான்கு ஆண்டு தடுமாற்றம், நான்கு ஆண்டு ஏற்றம். வாங்கிய இரண்டாம் ஆண்டே 'கலவை பலிக்கவில்லை' என்று யாராவது ஆய்வு எழுதியிருந்தால் அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஜெர்மனியின் டைம்லரும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் இணைந்த டைம்லர்-கிரைஸ்லரில் அந்தக் குறுக்கு வேலை நடக்கவில்லை. 1998-இல் 3,600 கோடி டாலர் இணைப்பு, 'சமமானவர்களின் இணைப்பு' என்று பெயர். அமெரிக்கத் தலைவரின் சம்பளம் ஜெர்மன் தலைவருடையதைப் போலப் பல மடங்கு, அதிகாரமோ நேர் எதிர்த் திசையில். சமம் என்ற ஏற்பாடு ஒருபோதும் தன் நோக்கமாக இருந்ததில்லை என்று 2000-இல் அந்த ஜெர்மன் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப் செய்தித்தாளிலேயே சொன்னார். அந்த ஆண்டு இறுதியில் கிரைஸ்லரை நடத்த ஜெர்மனியில் இருந்து டீட்டர் செட்ஷே அனுப்பப்பட்டார். 2007-இல் கிரைஸ்லரின் 80.1 சதவீதத்தை 740 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள்.

கிறிஸ்டோஃபர் ஏர்லியும் எலேன் மொசகோவ்ஸ்கியும் 2000-இல் கண்டது இதோடு பொருந்துகிறது: எல்லோரும் ஒரே நாட்டவரான குழுவும் நன்றாக வேலை செய்கிறது, எல்லோரும் வெவ்வேறு நாட்டவரான குழுவும் நன்றாகச் செய்கிறது. இரண்டு மூன்று கட்சியாகப் பிரியும் நடுத்தரக் கலவைதான் மோசம். கலப்பு அதிகமான குழுவில் ஒட்டிக்கொள்ளச் சொந்த ஆள் கிடையாது, அதனால் புதுப் பழக்கம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து உருவாக்கித்தான் ஆக வேண்டும். சுவிட்சர்லாந்தின் பட்டியலிட்ட நிறுவனங்களை வைத்து போ நீல்சனும் சபீனா நீல்சனும் 2013-இல் வெளியிட்ட ஆய்வும் சேர்த்துப் படிக்க வேண்டியது. நாட்டுப் பன்மை செயல்பாட்டை உயர்த்தியது. நீண்ட காலம் சேர்ந்திருந்த குழுக்களிலும், வெளிநாட்டு வியாபாரம் அதிகமுள்ள நிறுவனங்களிலும், வளரும் தொழில்களிலும் இன்னும் கூடுதலாக.

இத்தனையும் படித்துவிட்டு ஒரு சந்தேகத்தைக் கைவிடாமல் இருங்கள். நன்றாக ஓடும் கம்பெனிதான் வெளிநாடு போகிறது, வெளிநாடு போகும் கம்பெனிதான் வெளிநாட்டவரை எடுக்கிறது. லாபம் முதலில், ஆள் பிறகு என்றால், ஆளால் லாபம் என்று சொல்வது தலைகீழ். இதைத் தாண்ட ஜியானெட்டி குழு செய்த வேலை அழகானது: வெளிநாட்டில் இருக்கும் சீனர்களைத் திரும்ப அழைக்க வெவ்வேறு மாகாணங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் சலுகைத் திட்டம் கொண்டு வந்தன, அந்தத் தேதிகளை வைத்தே ஒப்பிட்டார்கள். இன்னொன்று, ஆலோசனை நிறுவனங்கள் வெளியிடும் 'பன்மை இருந்தால் லாபம்' அறிக்கைகள் பெரும்பாலும் பாலின, இனப் பன்மையைப் பற்றியவை, நாட்டுப் பின்னணியைப் பற்றியவை இல்லை. மெக்கின்சியின் அப்படிப்பட்ட முடிவை அமெரிக்காவின் எஸ்&பி 500 பட்டியலில் உள்ள பெருநிறுவனங்களில் திரும்பக் காட்ட முடியவில்லை என்று கிரீன், ஹாண்ட் என்ற இரு கணக்கியல் பேராசிரியர்கள் 2024-இல் எழுதினார்கள். அந்த வண்ணப் படங்களை உங்கள் இயக்குநர் கூட்டத்தில் போட வேண்டாம்.

கோவைக்குத் திரும்புவோம். ஜெர்மன் கம்பெனியின் நிர்வாக இயக்குநரை மாற்றாமல் வைத்துக்கொள்வது என்று முடிவானால், முதல் மோதல் பெரும்பாலும் பணத்தில் வரும். அங்கே கணக்கில் கிடக்கும் தொகையை இங்கே அனுப்பச் சொல்வீர்கள், அவர் கையெழுத்துப் போட மறுப்பார். 'நம்மை முதலாளியாக மதிக்கவில்லை' என்று இங்கே பேசிக்கொள்வார்கள். ஜெர்மன் சட்டப்படி, லிமிடெட் கம்பெனியின் பங்கு மூலதனத்தைத் தொடும் அளவுக்குப் பணத்தைப் பங்குதாரருக்குக் கொடுத்தால் நிர்வாக இயக்குநர் தன் சொந்தச் சொத்தால் பதில் சொல்ல வேண்டும். கடனைக் கட்ட முடியாத நிலை வந்தால் அதிகபட்சம் 3 வாரத்துக்குள் திவால் மனு போடவில்லை என்றால் குற்ற வழக்கு. அதேபோல ஐந்து நிரந்தர ஊழியர் இருந்தாலே தொழிலாளர் மன்றம் தேர்ந்தெடுக்கலாம். 500-க்கு மேல் ஊழியர் என்றால் கண்காணிப்புக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் அவர்களுக்கு. ஆகவே ஜெர்மானியர் 'முதலில் மன்றத்தோடு பேச வேண்டும்' என்று சொன்னால் அது இழுத்தடிப்பு ஆகாது. கலாசாரம் என்று நாம் பெயர் வைப்பதில் நல்ல பங்கு சட்டம்தான். வாங்கும் முன்பே உங்கள் நிதி மேலாளரை ஜெர்மன் வழக்கறிஞரோடு ஒரு நாள் உட்கார வைத்தால் ஓராண்டு மனக்கசப்பு மிச்சம்.

இங்கே உள்ள சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி நிதியாண்டில் 182 நாளுக்குக் குறையாமல் இந்தியாவில் தங்கிய இயக்குநர் ஒருவராவது வேண்டும். ஆண்டுக்கு நான்கு கூட்டம், இடைவெளி 120 நாளைத் தாண்டக் கூடாது, 7 நாள் முன் அறிவிப்பு. 12 மாதத்தில் எந்தக் கூட்டத்துக்கும் வராத இயக்குநரின் பதவி, அனுமதி கேட்டு விடுப்பு எடுத்திருந்தாலும், தானாகப் போய்விடும். பப்ளிக் கம்பெனியாக இருந்து வெளிநாட்டவரை நிர்வாக இயக்குநராகவோ முழுநேர இயக்குநராகவோ போட்டால், நியமனத்துக்கு முந்தைய 12 மாதம் அவர் தொடர்ந்து இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மத்திய அரசு அனுமதி. இதை மறந்துவிட்டு நியமனத் தேதியை அறிவித்துவிட்டுப் பிறகு ஓடுபவர்கள் உண்டு. சீனா போன்ற எல்லை நாட்டுக் குடிமகன் என்றால் உள்துறை அமைச்சகப் பாதுகாப்பு ஒப்புதலும் வேண்டும்.

யாரை எத்தனை பேர் எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில்: ஒரே ஒரு ஜெர்மானியரை அலங்காரமாக வைக்க வேண்டாம், அவர் பேச்சை 'ஜெர்மன் கருத்து' என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு பேர், அவர்கள் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒருவர் வாங்கிய கம்பெனியிலிருந்து, உற்பத்தி தெரிந்தவர். இன்னொருவர் வெளியிலிருந்து, விற்பனையோ நிதியோ தெரிந்தவர். அவர் ஜெர்மனியில் பல ஆண்டு இருந்த இந்தியராகவும் இருக்கலாம். ஜெர்மானியரிடம் இந்தியாவைத் தொடும் ஒரு பொறுப்பையும், இங்குள்ள ஒருவரிடம் ஜெர்மனியைத் தொடும் ஒரு பொறுப்பையும் கொடுங்கள். இரு தரப்பு ஊக்கத்தொகையில் ஒரு பகுதியாவது இரு நாட்டு மொத்த லாபத்தைப் பொறுத்து இருக்கட்டும், அவரவர் நாட்டு லாபத்தை மட்டும் பார்த்தால் பழைய கோட்டைப் பணம் கொடுத்து ஆழப்படுத்துகிறீர்கள்.

கூட்டத்தை நடத்தும் முறையில் மூன்று நான்கு மாற்றம் போதும். இந்திய நேரம் மதியம் இரண்டரை மணி என்றால் ஜெர்மனியில் கோடையில் காலை பதினொன்று, குளிர்காலத்தில் பத்து, இருவருக்கும் வசதி. குறிப்புகளைச் சட்டம் சொல்லும் 7 நாளுக்கும் முன்பாக, பத்து நாள் முன்னால் எழுத்தில் அனுப்புங்கள். இரண்டாம் மொழியில் யோசிப்பவருக்கு அந்த அவகாசம்தான் குரல். ஒவ்வொரு முக்கிய முடிவிலும் வரிசையாக எல்லோரையும் பேச வையுங்கள், இளையவர் முதலில், சேர்மன் கடைசியில். நம் ஊரில் சேர்மன் முதலில் வாய் திறந்துவிட்டால் பிறகு ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள், அதை ஜெர்மானியர் முழுச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போவார், லெனோவோவில் நடந்ததேதான். தமிழில் தனியாகப் பேசி முடித்துவிட்டு ஆங்கிலத்தில் கூட்டம் என்ற பெயரில் முடிவை அறிவிப்பதையும் விட்டுவிட வேண்டும், அதை அவர் இரண்டாவது கூட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று மூன்று வரி, கூட்டம் முடிந்த அன்றே. ஆட்சேபம் இருந்தால் மறுநாள் மாலைக்குள் எழுத்தில்.

பலனை அளக்க லாபத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது தாமதமாக வரும், வேறு நூறு காரணத்தால் ஆடும். வாங்கிய கம்பெனியின் முக்கிய ஆட்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள், ஜெர்மன் வாடிக்கையாளர் யாராவது கோவையில் செய்த பொருளை வாங்கத் தொடங்கினார்களா, ஒரு முடிவு எடுக்க எத்தனை நாள் ஆகிறது, இயக்குநர் கூட்டத்தில் மாற்றுக் கருத்து பதிவாகிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். முதல் ஆண்டு முடிவெடுக்கும் வேகம் குறையத்தான் செய்யும். இரண்டாம் ஆண்டும் அப்படியே இருந்தால் அந்த ஆறு பத்தித் தாளை எடுத்து மறுபடி நிரப்புங்கள். வெளிநாட்டு இயக்குநரின் நியமனத்தை மூன்று ஆண்டுக்கு வைத்து, அவர் நாட்டில் உங்கள் வியாபாரம் எவ்வளவு என்பதைப் புதுப்பிக்கும் நேரத்தில் முதல் கேள்வியாகக் கேளுங்கள். பாதிக்கு மேல் கூட்டங்களைக் காணொளியில் மட்டுமே பார்க்கிறார் என்றால் அவரை ஆலோசகராக மாற்றிக்கொண்டு, இயக்குநர் இடத்தை அருகில் இருக்கும் ஒருவருக்குக் கொடுப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.